முத்திரை இல்லாத வாசல்

மலேசியாவின் கோல சிலாங்கூரில் எண்பதுகளில் எழும்பிய கடைவரிசைகளில் பாதி, தனபாலன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பிறந்தவை. மேசையின் ஒரு பக்கம் மனைவி கலாவதி வெங்காயம் நறுக்குவாள். மறுபக்கம் அவர் பிளான் வரைவார். தஞ்சோங் காராங் துணிக்கடை ஒன்றின் பிளானில் குழம்பு சொட்டிவிட்டது. பார்வையிட்ட அதிகாரி அதையும் ஒரு சன்னல் என்று எண்ணி அனுமதி கொடுத்துவிட்டார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

கோடு தனபாலனுடையது, பேர் மட்டும் வேறொருவருடையது. தனபாலன் படித்தது பிளான் வரையும் வெறும் டிராஃப்ட்ஸ்மேன் படிப்பு. கிள்ளானிலிருந்த ஆர்க்கிடெக்ட் முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டால்தான் பிளான் செல்லும். அந்தப் புண்ணியவான் கோல சிலாங்கூர்ப் பக்கம் மீன் சாப்பிட மட்டுமே வருவார். நாற்பத்தேழு வயதில் தனபாலனுக்கு இருந்தது ஒரே ஆசை: ஏதாவது ஒரு கட்டடத்தில், ஒரு மூலையிலாவது, தன் பேர் இருக்க வேண்டும்.

எண்பத்தைந்தில் புக்கிட் ரோத்தான் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆட்கள் சேர்ந்து ஒரு மண்டபம் கட்ட முடிவு செய்தார்கள். கமிட்டித் தலைவர் சிவானந்தம், தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். தனபாலன் இலவசமாகவே வரைந்து கொடுத்தார். திறப்புவிழாக் கல்லில் தன் பேரைப் போட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. சிவானந்தம் தலையாட்டினார். துரை எதைச் சொன்னாலும் முப்பது வருடம் ஆட்டிப் பழகிய தலை அது. அந்த ஆட்டலுக்கு அர்த்தம் ஒன்றும் கிடையாது என்பது தனபாலனுக்கு அப்போது தெரியவில்லை.

திறப்புவிழா அன்று கல்லை மூடியிருந்த துணியை விலக்கினார்கள். கல்லில் திறந்து வைத்த பிரமுகர் பேர் இருந்தது. தலைவர், செயலாளர், சிமெண்ட் கொடுத்த சீனி முகம்மது, நாற்காலி கொடுத்தவர், நாற்காலி கொடுத்தவரின் காலஞ்சென்ற தாயார் வரைக்கும் இருந்தார்கள். கடைசி வரியில் கிள்ளான் ஆர்க்கிடெக்ட், பட்டங்களோடு.

"தலைவரே, என் பேரு?"

"கல்லுல எடம் பத்தலலா தம்பி. ஒன்னு பண்ணு, ஒரு காத்தாடி வாங்கிக் குடு. றெக்கையில எழுதிருவோம்."

"சுத்துற காத்தாடியில எழுதுன பேர எவன் படிப்பான்?"

"கரண்டு போறப்ப படிப்பாங்க."

நாலு நாள் தனபாலன் வீட்டில் அந்தக் கல்லையே திட்டிக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் கலாவதிக்குப் பொறுமை போய்விட்டது. "நான் ஆக்குற சோத்துல எம் பேரா எழுதியிருக்கு? தின்னுட்டுத்தான போறீங்க?" என்றாள். தனபாலன் தட்டைக் காலிசெய்துவிட்டு எழுந்தார். ஆனாலும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

மண்டபத்தில் நடந்த முதல் கல்யாணம் சிவானந்தத்தின் மகள் கங்காவுடையது. தனபாலனுக்குப் பெருமை அந்தச் சமையலறைதான். தான் வரைந்த சாப்பாட்டுக்கடைகளில் இருப்பதுபோலவே டைல்ஸ், கேஸ் அடுப்பு, இரண்டே முக்கால் அடியில் பின்கதவு. அவர் பார்க்காத கல்யாணமில்லை. ஆனால் பந்தியைத் தாண்டிப் பின்பக்கம் போன கல்யாணம் ஒன்றுகூட இல்லை. ஊர்க் கல்யாணங்களுக்கெல்லாம் சமைக்கும் இருசப்பன் வந்து கேஸ் அடுப்பைப் பார்த்தார். "இதுல காப்பி போடலாம்" என்று சொல்லிவிட்டு, மண்டபத்துக்குப் பின்னால் வெட்டவெளியில் குழி வெட்டி, ரப்பர் விறகை அடுக்கிப் பற்றவைத்தார்.

மணி பதினொன்று. தாலி கட்டி முடிந்து முதல் பந்திக்கு இலையும் போட்டாயிற்று. அப்போது பிடித்தது மழை. நாலு பேர் சாம்பார் அண்டாவைக் கம்பு கொடுத்துத் தூக்கிக்கொண்டு பின்கதவுக்கு ஓடிவந்தார்கள். அண்டா கதவைவிட ஓர் அடி அகலம். சாய்த்தால் சாம்பார் தரையில். முன்பக்கமாகச் சுற்றி வரலாம் என்றால் வாசலை அடைத்துக் கார்கள். பின்னால் சோற்று அண்டாக்கள் நனைந்துகொண்டிருந்தன.

"எவன்யா இதக் கட்டுனது?" என்று இருசப்பன் கத்தினார்.

எல்லாரும் தனபாலனைத் திரும்பிப் பார்த்தார்கள். கட்டடம் யாருடையது என்பதில் அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒருவருக்கும் சந்தேகமில்லை.

சிவானந்தம் பட்டு வேட்டியோடு ஓடிவந்து, "எம் மானமே போச்சே!" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். இருசப்பன் அடுப்புக்குழி வெட்டிய கடப்பாரையை எடுத்துக் கதவோரச் சுவரில் ஓங்கினார். தனபாலன் பாய்ந்துபோய்க் குறுக்கே நின்றார்.

"அது தூணு! அதுல கை வச்சா கூரை பொண்ணு மாப்பிள்ள தலையிலதான். இந்தப் பக்கம் வெறும் செங்கல்லு. இங்க இடி!"

அணைந்த அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்தார். புதுச் சுண்ணாம்பு மணம் போகாத வெள்ளைச் சுவரில், மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் கோடு போட்டார். பத்து நிமிடத்தில் சுவர் இறங்கியது, சாம்பார் உள்ளே வந்தது. கொஞ்சம் தண்ணீராகத்தான் இருந்தது. பெண் வீட்டார் முகத்துக்காக யாரும் வாய் திறக்கவில்லை.

அந்த ஓட்டையில் பிறகு இரட்டைக் கதவு வைத்தார்கள். எந்த பிளானிலும் இல்லாத, கிள்ளான்காரர் முத்திரை குத்தாத வாசல் அது. ஊர் அதற்குத் தானாகவே பேர் வைத்துவிட்டது. "அண்டாவ தனபாலன் வழியா கொண்டா." "செருப்ப தனபாலன்கிட்ட கழட்டு." முதலில் காதில் விழுந்தபோது அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இரண்டு கல்யாணங்களுக்குப் போகாமலே இருந்துவிட்டார். மூன்றாவதற்குக் கலாவதி அதட்டி இழுத்துப் போனாள்.

பந்தியில் பக்கத்து இலைக்காரர் தெலுக் இந்தானிலிருந்து வந்தவர். சாப்பிட்டு முடித்து, கை கழுவ எங்கே போவது என்று கேட்டார்.

"நேரா போங்க. தனபாலன் வழியா வெளிய போனா பைப்பு இருக்கு" என்றார் தனபாலன். சொன்ன பிறகுதான், அது தன் வாயிலிருந்தே வந்தது அவருக்கு உறைத்தது.

"யாருங்க அது தனபாலன்?"

பாயசம் இன்னும் வரவில்லை. இருந்தும் அவர் இலையை மடித்துவிட்டு, எச்சில் கையோடு எழுந்தார்.

"நான்தாங்க. இந்த மண்டபமே நம்ம பிளானுலா. வாங்க, காட்டுறேன்."