கால்வாயில் விட்ட முட்டைக்கோது

லா சப்பலில் நாங்கள் இருந்த கட்டடத்தில் உயிர்த்த ஞாயிறு வருடத்துக்கு இரண்டு தரம் வரும். முதலில் எங்களுக்கு. பிறகு, அவர்களுடைய பழைய கலண்டர்ப்படி, கீழ்மாடியில் இருந்த ருமேனியக் கிழவருக்கும் அவர் மனைவிக்கும். மலைக்கிராமமொன்றில் பிறந்து, வயதான காலத்தில் மகனிடம் வந்து சேர்ந்தவர்கள். பேய் வரும் என்று ஜன்னலில் உள்ளிப்பூண்டு தேய்ப்பார்கள். செவ்வாய்க்கிழமை இருட்டினால் ஊசி நூலைத் தொடமாட்டார்கள். பயந்தாங்கொள்ளிகள் என்று அப்பா சிரிப்பார். எனக்கோ அவர்களை விடத் தைரியசாலிகள் இல்லை. ஒவ்வொரு பேயின் பெயரும் வரும் நாளும் தெரிந்து வைத்திருந்தவர்கள் அல்லவா?

அவர்களுடைய உயிர்த்த ஞாயிற்றுக்கு முதல்நாள், பெரிய சனியன்று, அம்மாவும் நானும் கீழே போனபோது, கிழவி முட்டைக்கோதுகளைக் கிண்ணத்தில் சேர்த்துக்கொண்டிருந்தார். கிழவி பேசியது அரைகுறைப் பிரெஞ்சு. பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு எனக்கிருந்ததால் அம்மாவுக்கு மொழிபெயர்க்கும் உத்தியோகமும் எனக்குத்தான். எல்லாத் தண்ணீருக்கும் அப்பால் சாதுவான சனம் இருக்கிறதாம். அவர்களிடம் கலண்டர் இல்லை. கோது மிதந்து வந்தால்தான் பண்டிகை வந்தது தெரியுமாம். பிறகு கிழவி குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னார். அப்படியே ஒப்பித்தேன்.

"கையில மெழுகுதிரி இல்லாமப் போனவையும் அங்கைதானாம், அம்மா."

சாகிறவர் கையில் திரி பிடிப்பிக்கும் வழக்கம் எங்கள் ஊரிலும் உண்டு என்பது எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். ஊரில் அம்மாவின் தம்பியை இராணுவம் பிடித்துக்கொண்டு போய் வருடக்கணக்காகிவிட்டது. "எங்கையோ காம்பில இருக்கிறான், வருவான்" என்று அப்பா அடித்துச் சொல்லுவார். வேறு விதமாகப் பேச எங்கள் வீட்டில் யாருக்கும் அனுமதி இல்லை. அதனால் மாமாவுக்காகப் பூசையும் இல்லை, அழுகையும் இல்லை.

அம்மா மேலே வந்து ஒரு முட்டையை உடைத்து, கோதைக் கழுவித் துடைத்தார். "நாங்களும் அவையோட கால்வாய்க்குப் போவம்" என்றார்.

"எங்கட பண்டிகை போன கிழமையே முடிஞ்சுது. இப்ப அறிவிச்சா அந்தச் சனம் குழம்பிப் போகுமெல்லே" என்று பகிடி விட்டபடி அப்பாவும் வெளிக்கிட்டார்.

கால்வாய்த் தண்ணீர் அசையாமல் கிடந்தது. கிழவர் அவசரப்படவில்லை. படகொன்று வந்து மடைக்கதவு திறக்கும்வரை காத்து நின்றார். கரையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். அவர் அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. நீர் ஓடத் தொடங்கியதும் இருவரும் முழந்தாளிட்டு, ஒவ்வொரு கோதாக, கவிழாமல் இறக்கி விட்டார்கள். அப்படியொரு நம்பிக்கையை நான் கோயிலில்கூடக் கண்டதில்லை. இன்று நினைத்தாலும் அந்தக் கிழவர்மேல் மரியாதைதான் வருகிறது.

அம்மாவும் முழந்தாளிட்டார். "பண்டிகை வந்திட்டுதடா, தம்பி" என்று தன் கோதை விட்டார். பிறகு வாய்விட்டு அழுதார். கிழவி அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. மாமாவுக்குச் செய்தி அனுப்ப ஒருவழியாகப் பாதை கிடைத்துவிட்டது. அம்மா ஏன் அழுகிறார் என்றுதான் விளங்கவில்லை.

"மாமா எப்ப பதில் போடுவார்?" என்று அப்பாவைக் கேட்டேன்.

அப்பா கம்பளித் தொப்பியைக் கழற்றி, இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். இந்தக் குளிருக்குள் அப்பாவுக்கு வியர்க்கிறதாக்கும் என்று நினைத்தேன்.