அம்மாவின் கொழுந்துக் கூடை

செல்வியக்கா, "நாலு பிள்ளைங்க பந்து வெளாடுதுங்க" என்றுதான் போனில் சொல்லியிருந்தாள். கொழும்பிலிருந்து தோட்டத்துக்கு வந்த மறுநாள் காலை, வேலையாட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்துப் பக்கம் நடந்தேன். தடதடவென்று சத்தம். மண்சரிவேதான் என்று தேயிலைச் செடிக்குள் பாய்ந்தேன். எட்டிப் பார்த்தால் களம் நிறையப் பிள்ளைகள், ஆளுக்கொரு கூடைப்பந்து, இரண்டு இரும்பு வளையம். பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் பஸ் ஏறி வந்திருந்தார்கள். திறந்த வாய் மூடவில்லை.

எங்கள் காலத்தில் லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் சேர்த்தே ஒரு பந்துதான். வளையத்துக்குப் பதிலாக அக்கா, அம்மாவின் கொழுந்துக் கூடையை கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தூணில் உயரக் கட்டியிருந்தாள். உள்ளே விழுந்த பந்தை ஏறி எடுப்பது என் வேலை. ஒருநாள் நான் உச்சியில் இருக்கும்போது கீழே அம்மா. என் காற்சட்டை நனைந்ததை அக்கா இன்றும் விருந்தாளிகளுக்குச் சொல்கிறாள்.

அம்மா செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை நீட்டினாள். "கூடையோட அடிய அறுத்து விடுடா. எத்தன தடவதான் ஏறுவ?"

"நாளைக்கு எதுலம்மா கொழுந்து எடுப்பீங்க?" அக்கா கேட்டாள்.

"சாக்குல."

மறுநாள் சாக்கோடு வந்த அம்மாவை, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு பெரட்டில் நிறுத்திக் கத்தினார். அரைநாள் சம்பளம் போனது. வீட்டுக்கு வந்ததும் அம்மா, "இன்னைக்கு எத்தன போட்ட?" என்றாள் அக்காவிடம்.

களத்தில் விசில் சத்தம். ஊதிய அக்கா என்னைப் பார்த்துவிட்டாள்.

"ஒளிஞ்சது போதும், வா. அடுத்த வாரம் இன்னும் பிள்ளைங்க வருதுங்க. புதுசா ரெண்டு வளையம் கட்டணும்."

ஏணியை என் பக்கம் சாய்த்தாள்.