வலது காலில் அம்பத்தூர்

எதிர்வீட்டு ஹெல்கா தன் மோட்டோராட்டை, அதாவது மோட்டார் சைக்கிளை, கட்டைவிரலால் கிளப்புவாள். கைப்பிடி அருகே ஒரு பொத்தான். காலிங்பெல் அடிப்பதுபோல ஒரு அழுத்து, வண்டி உறுமிவிடும். ஜெர்மனிக்கு வந்த புதிதில் ஜன்னலில் நின்று இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும். ஒரு சொட்டு வியர்வை இல்லை, ஒரு வசவு இல்லை, இதுவும் ஒரு வண்டியா? இதைவிடக் கூத்து, அவள் போவது ஜிம்முக்கு. அங்கே நகரவே நகராத ஒரு சைக்கிளை மூச்சிரைக்க மிதித்துவிட்டு, மறுபடியும் கட்டைவிரலால் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வீடு திரும்புவாள். நம் பக்கம் ஒருத்தி இப்படிச் செய்திருந்தால் வேப்பிலை அடிக்கக் கூட்டிப் போயிருப்பார்கள்.

எண்பதுகளின் கடைசியில் வெள்ளானூரில் குடியிருந்தபோது என்னிடமும் ஒரு வண்டி இருந்தது. எனக்கு முன் எத்தனை பேரிடம் உதை வாங்கியதோ, நல்ல ரோஷக்கார வண்டி. பெட்ரோலைத் திறந்து, வண்டியை ஒரு பக்கம் சாய்த்து நிமிர்த்தி, சோக்கை இழுத்து, குலதெய்வத்தை நினைத்து உதைக்க வேண்டும். கிளம்பாது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு உதைக்க வேண்டும். அப்போதும் கிளம்பாது. சில நாள் அதுவே திருப்பி உதைக்கும். இந்தச் சண்டை முடிந்து அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த லேத் பட்டறைக்குப் போய்ச் சேர்வதற்குள் சட்டை பிழிந்தால் ஒரு குடம் தேறும். உடன் வேலை செய்த தனபால்தான் முதலில் அதைக் கவனித்தான். "மச்சான், இன்னாடா ஒன் வலது காலு வாழைத்தண்டாட்டம் கீது? ஜிம்முக்குப் போறவன்லாம் காசு குட்த்து இரும்பத் தூக்குறான். ஒனக்கு ஊட்டாண்டயே இரும்பு கீது, குட்த்து வச்சவன்டா நீ!"

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சென்டர் ஸ்டாண்ட் போட்டுப் போட்டு முதுகு உரம் பெற்றது. கிளட்சைப் பிடித்துப் பிடித்து இடது முன்கை முறுக்கேறியது. எஸ்டேட் சாலைப் பள்ளங்களில் குலுங்கியதில் சாப்பிட்டது எதுவும் வயிற்றில் தங்கவில்லை. என் மனைவி வசந்தாவுக்கும் பலன் கிடைத்தது. உதைத்து ஓய்ந்துபோனால் நான் ஏறி உட்காருவேன், அவள் பின்னாலிருந்து தள்ளுவாள். வண்டி உயிர் பெற்றதும் நிறுத்த முடியாது, நிறுத்தினால் அணைந்துவிடும். ஆகவே அவள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வந்து, போகிற வண்டியில் தாவி ஏறுவாள். ஆவடி மார்க்கெட்டில் இதற்கென்று நின்று வேடிக்கை பார்த்தவர்கள் உண்டு.

இந்த உடற்பயிற்சிதான் ஜெர்மனியில் என் பிழைப்புக்கு உலை வைக்கப் பார்த்தது. இங்கே ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் முதலில் தற்காலிக வேலைதான் கிடைத்தது. நிரந்தரமானால்தான் வசந்தாவை அழைத்துக்கொள்ளலாம். அதற்குக் கம்பெனி டாக்டரம்மா கையெழுத்துப் போட வேண்டும். அவர் என் கால்களை அளந்தார், முகம் மாறிவிட்டது. வலது கெண்டைக்கால் இடதைவிடப் பருமனாம், ரத்தம் கட்டியிருக்கலாமாம். ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே ஏதோ பசையைத் தடவிப் படம் பிடித்து, ரத்தக்கட்டு இல்லை என்றார்கள். ஆனாலும் காரணம் தெரியாமல் கையெழுத்துப் போட டாக்டரம்மாவுக்கு மனம் வரவில்லை. "ஷ்போர்ட் ஏதாவது செய்வீர்களா?" என்று விளையாட்டு, உடற்பயிற்சி பற்றிக் கேட்டார். "மோட்டோராட்" என்றேன் பெருமையாக. "நைன், நைன், இல்லவே இல்லை. அது உட்கார்ந்திருப்பது. நான் கேட்டது ஷ்போர்ட்" என்று தலையை ஆட்டினார். அதற்கு மேல் விளக்க என் ஜெர்மன் போதவில்லை. மறுவாரம் வரச் சொல்லிவிட்டார்.

பயந்துபோய் வசந்தாவுக்குப் போன் செய்தேன். "காலு பெர்சா கீதுன்னா வேல இல்லன்றாங்களா? இன்னா ஊருங்க அது!" என்று முதலில் ஊரைத் திட்டினாள். பிறகு, "நீங்க வாயால சொன்னா எனக்கே புரியாது, அந்தம்மாக்கு எப்டிங்க புரியும்? ஒதைச்சுக் காட்டுங்க" என்றாள்.

காட்டினேன். டாக்டரம்மா முன்னால், முழங்கால் வரை பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு, இல்லாத வண்டியை இரண்டு கையாலும் பிடித்து, பெட்ரோல் திறந்து, சாய்த்து நிமிர்த்தி, சோக் இழுத்து உதைத்தேன். அவர் முதலில் வலிப்பு என்று நினைத்து எழுந்தே விட்டார். நான் நிறுத்தவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டு, தமிழில் வண்டியின் பரம்பரையைத் திட்டிக்கொண்டு, மறுபடி மறுபடி உதைத்தேன். மெல்ல உட்கார்ந்தவர், "இன்னும் கிளம்பவில்லையா?" என்று கேட்டார். "உடனே கிளம்பியிருந்தால் கால் ஏன் டாக்டர் இப்படி ஆகிறது?" என்றேன் தெரிந்த ஜெர்மனில். கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, "ஆஹ் ஸோ, அப்படியா சங்கதி!" என்று கையெழுத்துப் போட்டார்.

வசந்தா வந்து சேர்ந்தாள். வண்டி தனபாலிடம் போய்விட்டது. இந்த வருடப் பரிசோதனையில் அதே டாக்டரம்மா அளந்து பார்த்து, இரண்டு காலும் சமமாகிவிட்டன என்று கைகுலுக்கி வாழ்த்தினார். எனக்கோ சொத்து பறிபோனதுபோல இருந்தது. அன்று மாலை தனபாலுக்குப் போன் செய்து வண்டியைப் பற்றிக் கேட்டேன். "ஒரே ஒதை மச்சான், எட்த்துக்குது" என்றான் துரோகி. எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன சனிக்கிழமை நல்ல குளிர். ஹெல்காவின் பொத்தான் வேலை செய்யவில்லை. அழுத்தி அழுத்திப் பார்த்து, பாட்டரி போய்விட்டது என்று கையை விரித்தாள். நானும் வசந்தாவும் ஜன்னலில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அடுத்த நிமிடம் தெருவில் நின்றோம். ஹெல்காவை ஏறி உட்காரச் சொல்லி, கியர் போட்டுக் கிளட்சைப் பிடிக்கச் சொல்லி, இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துத் தள்ளினோம். "விடு!" என்று நான் தமிழில் கத்தியதும், எப்படிப் புரிந்ததோ, கிளட்சை விட்டாள். வண்டி உறுமிக் கிளம்பியது. நான் ஆனந்தத்தில் கைதட்டினேன். திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் வசந்தா இல்லை. குளிர் கோட்டையும் புடவையையும் சேர்த்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தாவி ஏறுவதற்காக வண்டியின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தாள்.

"வசந்தா, நில்லு! அது நம்ம வண்டி இல்ல!" என்று கத்தினேன்.

வண்டி முனை திரும்பி மறைந்தது. அவள் நடுத்தெருவில் நின்று, மூச்சு வாங்க என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எனுக்குத் தெரியுதுங்க. காலுக்குத் தெர்லயே, இன்னா பண்றது?"