என் மைத்துனன் சொன்ன பொய்

ஜெகதாப்பட்டினத்தில் எனக்கு ஒரு சிறிய பைபர் படகு இருந்தது. போன வருடம் ஒரு காலையில், நண்டு வலை எடுக்க நானும் என் மனைவியின் தம்பி செல்வமும் கிளம்பினோம். ஐஸ் பெட்டிக்கு இடம் போதவில்லை என்று இரண்டு லைஃப் ஜாக்கெட்டுகளையும் எடுத்து வலைக் கொட்டகையில் போட்டேன்.

“காத்து ஒரு மாதிரியா இருக்கு மச்சான். அது படகுலயே கெடக்கட்டும்.”

“பக்கத்துலதானடா போறோம், ஏறு.”

வலையை இழுத்துக்கொண்டிருந்தபோது பக்கவாட்டில் அடித்த அலையில் படகு கவிழ்ந்தது. அதைப் பிடித்தபடியே மூன்று மணி நேரம் மிதந்தோம். செல்வத்துக்குக் கால் மரத்துவிட்டது. இரண்டு முறை கை நழுவி முங்கினான். தலைமுடியைப் பிடித்துத்தான் தூக்கினேன்.

“என்னய விட்ருங்க மச்சான்,” என்றான். அந்த நேரத்தில்தான் வேறொரு படகு எங்களைப் பார்த்துவிட்டு வந்தது.

ஆஸ்பத்திரியில் என் மனைவி, “ஜாக்கெட்டு போடலையா?” என்று கத்தினாள். நான் வாய் திறப்பதற்குள் செல்வம் முந்திக்கொண்டான்.

“போட நேரமில்லக்கா. அலை அடிச்சிட்டுப் போயிருச்சு.”

நான் மறுக்கவில்லை. செல்வம் அதன்பிறகு கடலுக்குப் போகவில்லை. அறந்தாங்கியில் ஒரு கடையில் வேலை பார்க்கிறான். என்னைப் பார்த்தால் பழையபடி சிரித்துத்தான் பேசுகிறான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவளிடம் உண்மையைச் சொல்ல வேண்டியவன் நான்தான். இன்னும் சொல்லவில்லை.