சிரிப்புத் துணுக்கு தேடிப் போன இடம்

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் விடுதியில் தங்கி, பி.ஏ. தமிழ் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். வீடு ராஜபாளையத்தில். பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய் இறங்கிவிடலாம். ஆனாலும் எங்கள் வீடு ஒரே அறை, விடுதியில் மூன்று வேளையும் சோறு. அதனால் சனி, ஞாயிறு மட்டும்தான் போவேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும். அதற்கு மேல் தெரியாது.

அப்பா ஒரு நூற்பாலையில் சைடர். ஓடுகிற மிஷினில் எங்கே நூல் அறுந்தாலும் ஓடிப்போய் ஒட்டவைக்கிற வேலை. அந்த வருடம் தீபாவளி கழிந்த கையோடு ஏதோ தகராறு முற்றி, மில்லைப் பூட்டிவிட்டார்கள். தொழிலாளிகள் கேட்டுக்கு எதிரே ஓலைக்கொட்டகை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம் இருந்தது. மில்லில் எந்த ஷிப்டில் வேலையோ, அதே ஷிப்டில்தான் வந்து உட்கார வேண்டும். மொத ஷிப்ட் ஆட்கள் விடியற்காலையில் வருவார்கள். ரெண்டாம் ஷிப்ட் ஆட்கள் வந்ததும் எழுந்து இடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். மிஷின் ஓடவில்லை, சம்பளம் இல்லை, ஆனால் ஷிப்ட் மட்டும் ஒருநாளும் தவறவில்லை. அப்பாவும் காக்கி அரை டிராயரைப் போட்டுக்கொண்டு, தூக்குச்சட்டியில் கஞ்சியோடு கிளம்பிப் போவார்.

வீட்டில் அப்பா பேசுவதை நிறுத்தியிருந்தார். முன்னாலும் பேச்சுக்காரர் இல்லை. மில்லைப் பூட்டிய பிறகு சுத்தமாக வாய் திறப்பதே இல்லை. வந்தால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். அம்மா, ஆஸ்பத்திரிக்குப் போகிற பேண்டேஜ் துணி மடிக்கிற வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். அடுப்படியில் உட்கார்ந்து அழுவாள். சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எப்போதடா பஸ் ஏறுவோம் என்றிருக்கும் எனக்கு. விடுதியில் தட்டு முன்னால் உட்காரும்போது சோறு இறங்காது. ஆனாலும் சாப்பிட்டேன். பசித்தது.

கல்லூரியில் இதை யாரிடமும் நான் சொல்லவில்லை. எல்லாரும் பரிதாபமாகப் பார்ப்பார்களே என்ற பயம்தான்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தமிழ்ப் பேராசிரியர் ஒரு வேலை கொடுத்தார். மூன்று மூன்று பேராகச் சேர்ந்து அணிக்கொரு மாணவர் இதழ் தயாரிக்க வேண்டும். சைக்ளோஸ்டைலில் உருட்டிப் பிரதி எடுத்து எல்லா வகுப்புக்கும் கொடுக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். கதை, கவிதை, கோலம், சமையல் குறிப்பு என்று எல்லாவற்றையும் கலந்து அடைக்கக் கூடாது. என்ன வகை என்று முதலில் தீர்மானித்துவிட்டு, கடைசிப் பக்கம் வரை அந்த ஒரே வகையாக இருக்க வேண்டும்.

எங்கள் அணியில் நான், ஊரில் பால்கோவாக் கடை வைத்திருப்பவரின் மகன், வத்திராயிருப்பிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற ஒரு பெண். அந்தப் பெண்ணின் எழுத்து அச்சு மாதிரி இருக்கும். அதனால் மெழுகுத்தாளில் எழுதி ஸ்டென்சில் வெட்டுகிற பொறுப்பு அவளுக்கு.

நான்தான் முதலில் பேசினேன். தொழிலாளர் வாழ்க்கை என்று ஒரே பொருளில் போடலாம், உள்ளதை உள்ளபடி எழுதலாம் என்றேன். ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது. மனசுக்குள் அழுத்திக்கொண்டிருந்ததை எங்கேயாவது கொட்ட எனக்கு ஒரு இடம் வேண்டியிருந்தது.

பால்கோவாக் கடைக்காரர் மகன் தலையில் அடித்துக்கொண்டான். "ஏலே, பரீட்சைக்கு அழுகிறது பத்தாதா? பத்திரிகையிலயும் அழணுமா? படிச்சவன் பக்கத்துல இருக்கவனைக் கூப்பிட்டுக் காட்டணும்லே. அதுக்குச் சிரிப்புதான் சரி."

"கவிதை?" என்றேன், விட்டுக்கொடுக்க மனமில்லாமல்.

"வேண்டவே வேண்டாம்" என்றாள் அந்தப் பெண். "நம்ம கிளாஸ் பயலுக எல்லாரும் நிலாவைப் பத்தியே எழுதிக் குடுப்பாங்க. அம்புட்டு நிலாவையும் என்னால ஸ்டென்சில் வெட்ட முடியாது."

நானே சிரித்துவிட்டேன். அதோடு தீர்ந்தது. நகைச்சுவை இதழ் என்று முடிவானது. பழைய பத்திரிகைகளிலிருந்து காப்பி அடிக்காமல், ஜனங்கள் வாயிலிருந்து நேரில் கேட்ட சிரிப்பை மட்டும்தான் போடுவது என்று ஆளுக்கொரு இடம் பிரித்துக்கொண்டோம். அவனுக்குத் தேரடியும் கடைவீதியும். அவளுக்கு வத்திராயிருப்பு பஸ். "உங்க ஊரு மில்லு ஆளுக கேலி பேசுறதுல கெட்டிக்காரங்கல்ல? நீ அங்க போயி அள்ளிக்கிட்டு வா" என்று என்னிடம் சொன்னான் அவன். மனசில் எதுவும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது.

ஒரு வாரம் தள்ளிப் போட்டேன். மற்ற இருவரும் கை நிறையக் கொண்டுவந்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் ஒருநாள் வகுப்பை விட்டுவிட்டு ராஜபாளையத்துக்கு பஸ் ஏறினேன். அப்பா கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று யோசித்துத்தான் காலையில் போனேன். அதற்கு முந்தின ஞாயிறு நான் வீட்டில் இருந்தபோது அப்பாவுக்கு ரெண்டாம் ஷிப்ட். அதனால் காலையில் வீட்டில்தான் படுத்திருப்பார் என்று கணக்குப் போட்டேன். திங்கட்கிழமை ஷிப்ட் மாறும் என்பதை மறந்துபோனேன். மில் ஓடாதபோது ஷிப்ட் எங்கே மாறப் போகிறது என்று நினைத்திருப்பேனோ என்னவோ.

கொட்டகை தெரிவதற்கு முன்னாலேயே சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் பின்பக்கமாகப் போய் ஓலைத்தட்டிக்கு இந்தப் புறம் நின்றுகொண்டேன். உள்ளே ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இருவது வருசமா தலையில பஞ்சு ஒட்டித்தான் வெள்ளையா இருக்குன்னு நெனச்சிட்டிருந்தேன். லாக்கவுட்டு வந்த பொறவு சீயக்காயைப் போட்டுக் கழுவிப் பாத்தா, அப்பமும் வெள்ளையாத்தான் இருக்கு. எப்பம்லே நரைச்சது? ஒரு நோட்டீஸ் ஒட்டக்கூடாதா?"

எழுத ஆரம்பித்தேன். இன்னொருவர் ஏதோ கேட்க, அந்தக் குரல் தொடர்ந்தது.

"கேட்டுக்கு உள்ள கெடக்குல்ல அந்த நாயி, நம்ம மில்லுலயே வேலை போகாத ஒரே ஆளு அதுதான். யூனியன்ல சேருன்னு கூப்பிட்டுப் பாத்தேன். மாட்டேன்னுருச்சு. பெர்மனண்டாம்ல!"

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்து மில்லின் சங்கு அப்போது ஊதியது. அதற்கும் அந்த ஆளிடம் ஒன்று இருந்தது. "ஊதுறது அவிய மில்லு, முழிக்கிறது என் வயிறு. எல்லாத்தையும் பூட்டுன மொதலாளி இதையும் சேத்துப் பூட்டிருக்கலாம்!"

இவ்வளவு நல்ல பேச்சுக்காரர் யார் என்று தட்டி இடுக்கில் எட்டிப் பார்க்கப் போனேன். அதற்குள் பின்னாலிருந்து ஒருவர் என் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார்.

"ஏலே, யாருலே நீ? ஒளிஞ்சு நின்னு எழுதுத? மானேஜ்மெண்டு அனுப்புன ஆளா?"

இழுத்துக்கொண்டுபோய்க் கொட்டகை நடுவில் நிறுத்தினார். எல்லாரும் எழுந்துவிட்டார்கள். அவர்களுக்கு நடுவே, தலையில் துண்டை முண்டாசாகக் கட்டி, ஒரு கையைத் தூக்கி ஏதோ நடித்துக் காட்டிய நிலையிலேயே நின்றிருந்தவர் என் அப்பா.

நம்புவீர்களோ மாட்டீர்களோ, அவ்வளவு நேரம் கேட்டும் அது அப்பா குரல் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் அவ்வளவு சேர்ந்தாற்போல் பேசி அதற்கு முன் நான் கேட்டதே இல்லை.

தூக்கிய கை மெல்ல இறங்கியது. முண்டாசை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "விடுப்பா. எம்மவன்தான்" என்றார். வீட்டுக் குரல் திரும்ப வந்துவிட்டிருந்தது.

"அட, காலேஜுப் பிள்ளையா! உங்கப்பா இல்லேன்னா நாங்க என்னைக்கோ கயித்தைத் தேடிருப்போம்யா" என்றார் காலரைப் பிடித்தவர். "அண்ணே, நிப்பாட்டாதிய. மவனுக்கும் ஒண்ணு எடுத்து விடுங்க."

"போதும்ப்பா" என்றார் அப்பா. பிறகு என்னைப் பார்க்காமலே, "சாப்ட்டியா?" என்று கேட்டார்.

பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தார். என்ன எழுதினாய் என்று கேட்டார். கல்லூரிப் பத்திரிகை விஷயத்தைச் சொன்னேன். "பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரும்னா போடு. எம் பேரு வேண்டாம்" என்றார். பஸ் தூரத்தில் தெரிந்தபோதுதான் அடுத்ததைச் சொன்னார். "உங்கம்மாட்ட சொல்லிராத. அவ அங்க அழுதுட்டுக் கெடக்கா. நான் இங்க உக்காந்து சிரிக்கேன்னு தெரிஞ்சா எப்பிடி இருக்கும் அவளுக்கு?"

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தெரிகிறவரை திருப்பவே இல்லை.

அடுத்த வாரம் ஊருக்குப் போனபோது, காலரைப் பிடித்தாரே, அவரைக் கடைத்தெருவில் பார்த்தேன். அவர்தான் சொன்னார். "நீ வந்துட்டுப் போனதுலருந்து உங்கப்பா வாயே தொறக்க மாட்டேங்காருய்யா. எம்புட்டோ கெஞ்சிட்டோம். கொட்டகையே எழவு வீடு கணக்கா இருக்கு." அப்பாவுக்கு இருந்த ஒரே இடம் அது. மகன் கண்ணில் படாத இடம். அதுவும் என்னால் போயிற்று.

அப்பா இனிமேல் சொல்லப்போவதில்லை என்று தெரிந்ததால்தான், எழுதியிருந்ததை அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். எங்கேயாவது அது இருக்கட்டும் என்று நினைத்தேன். பால்கோவாக் கடைக்காரர் மகன் நாய்த் துணுக்கைப் படித்துவிட்டு பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தான். அவள் ஸ்டென்சிலில் நரைமுடித் துணுக்கை வெட்டிக்கொண்டிருந்தாள். பாதியில் நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"இது யாரு சொன்னது?"

எங்கள் அப்பா என்றேன். பிறகு அடக்க முடியவில்லை. கதவடைப்பு, தூக்குச்சட்டி, சுவரைப் பார்த்துப் படுப்பது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன் முகம் செத்துப்போனது. "எங்கிட்டச் சொல்ல ஒனக்கு என்னலே கேடு?" என்று மட்டும் கேட்டான்.

அவள்தான் சொன்னாள். "அப்ப இதைச் சிரிப்புன்னு போடக்கூடாது. வகையை மாத்திருவோம். நீ மொதல்ல சொன்ன மாதிரியே தொழிலாளர் வாழ்க்கைன்னு போடுவோம். வெட்டுனதை எல்லாம் கிழிச்சுட்டு நான் திரும்ப வெட்டுறேன்."

நான் ஆசைப்பட்டது தானாகக் கைக்கு வந்தது. சரி என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. ஆனால் அந்தத் தூக்கிய கை நினைவுக்கு வந்தது. அப்பா அதையெல்லாம் சொன்னது யாரும் அழுவதற்காக இல்லை. அழுகைக்கு எங்கள் வீட்டிலேயே இடம் இருந்தது. அவர் சிரிப்பாகக் கொடுத்ததைச் சோகமாக மாற்ற எனக்கு என்ன உரிமை?

"வேண்டாம். நகைச்சுவையாவே இருக்கட்டும்" என்றேன்.

அப்படியே வந்தது. கல்லூரி முழுக்கச் சிரித்தார்கள். நாய்த் துணுக்கைப் பையன்கள் ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் எழுந்து வெளியே போய்விடுவேன்.

ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா தண்ணீர் எடுக்கப் போயிருந்த நேரம் பார்த்து அப்பாவிடம் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல எது நம்மது?" என்றார். காட்டினேன். படிக்கத் தெரியாத அந்த வரிகள் மேல் விரலை வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார்.

"பிள்ளைக சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்கப்பா."

தலையை ஆட்டினார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மில் திறக்கவே இல்லை. கொட்டகை ஓலையை அவரவர் வீட்டு அடுப்புக்குப் பிரித்துக்கொண்டு போனார்கள். ஐந்தாறு வருடங்கள் ஓடிவிட்டன. எனக்கு ஒரு சின்ன வேலை கிடைத்திருக்கிறது. வேண்டாம் என்று எவ்வளவு சொல்லியும் கேட்காமல் அப்பா ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றப் போகிறார். சாயங்காலம் திரும்பும்போது தலை மறுபடியும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. இதில் ஒரு துணுக்கு இருக்கிறது. எனக்கே தெரிகிறது. அப்பாவுக்குத் தெரியாமல் இருக்குமா? சொல்லிவிடுவாரோ என்று ஒவ்வொரு நாளும் வாசலில் நின்று அவர் முகத்தைப் பார்க்கிறேன். அவர் சொம்பை வாங்கிக் கால் கழுவிவிட்டு உள்ளே போய்விடுகிறார்.

இப்போதும் பஸ் நிலையத்திலோ மர நிழலிலோ நாலு பேர் கூடி நிற்கிற இடத்திலிருந்து பெருஞ்சிரிப்பு எழுந்தால், சிரிக்க வைப்பவர் யார் என்று நான் எட்டிப் பார்ப்பதில்லை. அவர் யாருடைய அப்பாவோ, இன்னும் கொஞ்ச நேரம் பேசட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டு நடந்துவிடுகிறேன்.