விரதக் காலத்தில் டாக்டர் கேட்ட கேள்வி

போன வருஷம் தீபாவளி முடிந்த வாரம். அடையாறில் ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் கிளினிக்கில் நானும் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்திருந்தோம். வெளியே தூறல். சுவரில் குடலின் படம் ஒன்றை மாட்டியிருந்தார்கள். விரதத்தில் தலை லேசாக இருந்ததாலோ என்னவோ, பார்க்கப் பார்க்க அந்த வளைவுகள் மெதுவாக அசைவது போலிருந்தது.

அவர் தி.நகரில் ஒரு துணிக்கடையில் புடவைப் பிரிவில் வேலை செய்கிறார். ஆடி மாதம் வந்த காய்ச்சலுக்கு மாத்திரை சாப்பிட்டதிலிருந்து வயிறு கெட்டுப்போயிற்று. எதைச் சாப்பிட்டாலும் உப்புசம், வயிற்றுப்போக்கு. ஆள் பாதியாகிவிட்டார். எனக்குத் தெரிந்த வழியில் நான் போனேன். திருவான்மியூர் போய் மருந்தீஸ்வரர் முன்னால் நின்று, இவருக்குச் சரியாகும்வரை விரதம் என்று நேர்ந்துகொண்டேன். மதியம் ஒரு வேளைதான் சாப்பாடு. சாயங்காலம் விளக்கேற்றிவிட்டால் அடுப்பு பற்ற வைப்பதில்லை. பூஜை அலமாரிக்குக் கீழே தனிப் பாய். அவர் விரல்கூட என்மேல் படக் கூடாது.

“ராத்திரி சாப்பாட்டுக்கு இன்னா பண்ணுவீங்க?” என்று கேட்டேன். கடையிலேயே போடுகிறார்கள் என்றார். நம்பினேன். ஆனால் நாளாக ஆக அவர் வீடு திரும்புவது தாமதமானது. வந்ததும் முகம் கொடுத்துப் பேசாமல் படுத்துவிடுவார்.

டாக்டர் சின்ன வயது அம்மா. தூக்கம், டீ, வெற்றிலை பாக்கு என்று ஒவ்வொன்றாக விசாரித்தவர், பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. சில குடல் தொற்று தாம்பத்தியத்துலயும் பரவும். எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். வேற யார்கூடவாவது தொடர்பு உண்டா சார்?”

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த நேரம் நான் அந்த அறையிலேயே இல்லை. மின்விசிறிச் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. தாமதமாக வந்த ராத்திரிகளெல்லாம் ஒவ்வொன்றாகக் கண்முன் மிதந்து போயின. தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஈஸ்வரா, இவர் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று வேண்டினேன்.

“வேற யாரும் இல்ல மேடம்,” என்றார் கடைசியில். “வீட்டுக்காரம்மாவே ஆடி மாசத்துலர்ந்து கிட்ட வர்றதில்ல. சாமிக்கு நேர்ந்துகினு கீது. வெளக்கேத்திட்டா அடுப்பும் பத்த வெக்கறதில்ல.”

வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. டாக்டர் சிரிக்கவில்லை. “அப்போ ராத்திரி சாப்பாடு?” என்றார்.

“அது... தினம் ரோட்டுக் கடைல பரோட்டா, சால்னா.”

“கடையிலயே போடறாங்கன்னீங்களே!” என்றேன்.

“உண்மையச் சொன்னா நீ விரதத்த வுட்டுடுவ. அப்பால எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா சாமி குத்தம்னு அழுவ.”

டாக்டர் பொறுமையாக விளக்கினார். நம் குடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றனவாம். காய்ச்சல் மாத்திரை கெட்டதோடு நல்லதையும் அழித்துவிடுமாம். நாம் சாப்பிடுவது, தூங்குவது எல்லாம் அவற்றைப் பாதிக்குமாம். கணவன் மனைவி சேர்ந்து வாழும் வீட்டில் இரண்டு பேருடைய குடல் உயிர்களும் ஓரளவு ஒன்றுபோலவே ஆகிவிடும் என்கிறார்களாம்.

“கிட்ட இருந்தா வயிறு சரியாயிடும்னு நான் சொல்லல. அதெல்லாம் இன்னும் ஆராய்ச்சிலதான் இருக்கு. மாத்திரையும் பரிசோதனையும் எழுதித் தரேன். நேரத்துக்கு வீட்டுச் சாப்பாடு குடுங்கம்மா,” என்றார்.

அவர் பேசப் பேச எனக்கு மயிலாப்பூர் மாட வீதிதான் தெரிந்தது. அறுபத்து மூவர் திருவிழா அன்று எவ்வளவு கூட்டம்! முன்பின் தெரியாதவர்கள் மோர் கொடுப்பார்கள், தொன்னையில் புளியோதரை கொடுப்பார்கள். இவர் வயிற்றுக்குள்ளும் அப்படி ஒரு திருவிழா நடந்துகொண்டிருந்திருக்கிறது. நடுவில் அந்த மாத்திரை பெருமழையாக வந்து கூட்டம் கலைந்துபோனது. ஒதுங்கி நின்ற மிச்சப் பேருக்கு நான் தினமும் பரோட்டா போட்டு அனுப்பியிருக்கிறேன், அதுவும் சாமி பேரைச் சொல்லி!

பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். ஒரே குடை. பழக்கத்தில் நான் தள்ளி நனைந்துகொண்டே நடந்தேன்.

“விரதம் நீ எடுத்த. வயித்தெரிச்சல் எனக்கா?” என்றார்.

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. குடைக்குள் போய் அவர் தோளோடு ஒட்டி நடந்தேன். அவர் பதறிவிட்டார்.

“இன்னாமே, விரதம்?”

“சாமிகிட்ட நான் பேசிக்கறேன்.”

“இன்னா பேசுவ?”

“அது எனக்கும் அவருக்கும். நீங்க கம்முனு வாங்க.”

அன்று விளக்கேற்றிய பிறகு அடுப்பையும் பற்ற வைத்தேன். குழைந்த சாதம், மிளகு ரசம். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பாயைச் சுருட்டிப் பரண்மேல் போட்டேன். அடுத்த திங்கட்கிழமை கோயிலுக்குப் போய், “என் புத்திக்கு எட்டினதைச் செஞ்சேன், மன்னிச்சுக்கோ” என்று சொல்லிவிட்டு வந்தேன். பரிசோதனையில் தொற்று எதுவும் இல்லை. மருந்தும் வீட்டுச் சாப்பாடுமாக, தை பிறந்தபோது அவர் முகத்தில் களை வந்திருந்தது.

வேண்டிக்கொள்வதை நான் விடவில்லை. ஆனால் இப்போதெல்லாம் சன்னதியில் நின்றால், “இவருக்கு என்ன வேணும்னு முதல்ல இவரையே கேக்கற புத்தியைக் குடு” என்றுதான் வாயில் வருகிறது.