சாம்பிள் ரூமிலிருந்து வந்த புகார்

1. பன், டீ, கையெழுத்து

பாலியல் தொல்லை தடுப்புப் பயிற்சி என்று நான் முதன்முதலில் நடத்தியது மொத்தம் முப்பத்தைந்து நிமிடம். அதில் இருபது நிமிடம் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கவே சரியாகப் போனது. மீதியில் பன்னும் டீயும் கொடுத்தோம். இன்று கம்பெனிகளில் ஹெச்.ஆர். வேலைக்கு வரும் பிள்ளைகள் இதைப் படித்துவிட்டுச் சிரிக்கலாம். சிரியுங்கள், எனக்கும் சிரிப்புத்தான் வருகிறது.

இரண்டாயிரத்துக்குப் பிறகான வருடங்கள் அவை. திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் நான் வெல்ஃபேர் ஆபீசர். சொந்த ஊர் குன்னத்தூர். பேர் ருக்குமணி. தையல் லைனில் வேலை செய்யும் பெண்கள் எனக்கு வைத்த பேர் 'விசில் மேடம்'. நான் கத்தினால் ஓவர்லாக் மெஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும் என்பார்கள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும், அதை நானே ஒத்துக்கொள்கிறேன்.

வேலை செய்யும் இடத்தில் பெண்களுக்கென்று ஒரு புகார் கமிட்டி வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் சொல்லி வருடங்கள் ஓடியிருந்தன. எங்களுக்கு அது, எங்கள் துணியை வாங்கும் வெளிநாட்டு பையர் வழியாகத்தான் வந்து சேர்ந்தது. ஆடிட்டர் வருகிறார் என்றால் தீயணைப்பு சிலிண்டருக்குப் புது ஸ்டிக்கர், பாத்ரூமுக்குப் புதுச் சோப்பு, சுவரில் ஒரு கமிட்டி. ஏழு பேர் போட்டோ ஒட்டி லேமினேட் செய்து மாட்டினோம். தலைவி நான். உறுப்பினர்களில் பாதிப் பேருக்குத் தாங்கள் உறுப்பினர் என்பதே போட்டோவைப் பார்த்துத்தான் தெரியும்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனசு அங்கேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. காலையில் கம்பெனி வேன்கள் வரிசையாக வந்து நிற்கும். மல்லிகைப்பூ, புதுத்துணி, மெஷின் எண்ணெய் மூன்றும் கலந்த ஒரு வாசம். பதினோரு மணி டீக்குப் பெல் அடித்ததும் மெஷின்கள் ஒவ்வொன்றாக நிற்கும், பேச்சுச் சத்தம் ஒவ்வொன்றாகக் கிளம்பும். ஒரு டிபன் பாக்ஸில் ஆறு கை. அப்படி ஒரு கூட்டத்துக்கு நடுவில் இருந்துவிட்டு இப்போது ஊட்டில் தனியாக டீ குடிப்பது ஒரு டீயா?

சரி, பயிற்சிக்கு வருகிறேன். கேன்டீனில் பாய் விரித்து எல்லோரையும் உட்கார வைத்தேன். சார்ட்டில் இருந்ததை வாசித்தேன். "வேலையைச் சாக்காக வைத்துத் தொடுவது" என்று நான் வாசித்ததும் பின்வரிசையில் களுக்கென்று ஒரு சிரிப்பு. "சிரிச்சீங்கன்னா பன்னு கெடையாது!" என்று ஒரு சத்தம் போட்டேன். அடங்கிவிட்டார்கள். ஆடிட்டுக்கு வேண்டிய போட்டோவை எடுத்தோம். கூட்டம் கலைந்தது.

ஒருத்தி மட்டும் போகவில்லை. நான் சார்ட்டைச் சுருட்டும்வரை பாயை மடித்துக்கொண்டே நின்றாள்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு கண்ணு."

"அளவு எடுக்கிறதும் வேலதான மேடம்?"

2. மீடியம் சைஸ்

அவள் பேர் ஜெபராணி. தூத்துக்குடிப் பக்கம். இருபத்திரண்டு வயது. தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங்கில் சேர்ந்தவள், சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் தூங்கும்போது சிங்கர் மெஷினில் உட்கார்ந்து தானே தைக்கப் பழகிக்கொண்டாள். "பொம்பள பேட்டர்ன் மாஸ்டர் திருப்பூர்ல உண்டா மேடம்?" என்று ஒருநாள் கேட்டாள். நான் கேள்விப்பட்டதில்லை. "நீ ஆயிக்கோ, உண்டுன்னு சொல்லிக்கலாம்" என்று சொல்லி, நானே எம்.டி.யிடம் பேசி அவளைச் சாம்பிள் ரூமுக்கு மாற்றிவிட்டேன். பேட்டர்ன் வெட்டுவதைக் கற்றுக்கொள்ள அதுதான் இடம். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

சாம்பிள் ரூம் தனபால் மாஸ்டருடையது. கைகாரர். பையர் கண்ணை மூடிக்கொண்டு ஓ.கே. போடுவார் அவர் வெட்டிய பீசுக்கு. பதினைந்து வருட சர்வீஸ், எம்.டி.க்கு வலது கை.

லேடீஸ் டி-ஷர்ட் சாம்பிள் தைத்தால் அதை ஆளுக்குப் போட்டுப் பார்ப்பது எங்கள் ஊரில் வழக்கம். ஃபிட் பார்ப்பது என்போம். பொம்மை ஒன்று இருந்தது, தோள் உடைந்து மூலையில் கிடந்தது. பையர் கேட்கும் மீடியம் சைஸுக்கு எந்தப் பெண் உடம்பு ஒத்துவருகிறதோ அவளைக் கூப்பிடுவார்கள். சுடிதார் மேலேயே அவள் டி-ஷர்ட்டைப் போட்டு நிற்பாள், மாஸ்டர் டேப் வைத்துப் பார்ப்பார், குறிப்பார். நானே எத்தனையோ முறை அந்த வழியாகப் போகும்போது பார்த்திருக்கிறேன். வேலை நடக்கிறது என்று நினைத்தேன். வேறு எதுவும் தோன்றவில்லை.

ஜெபராணி மீடியம் சைஸ்.

கேன்டீன் பாயில் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். கை பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டே இருந்தது.

"டேப் ஒரு எடத்துல இருக்கும், கை வேற எடத்துல இருக்கும் மேடம். வெலகுனா, 'அசையாம நில்லு, ஃபிட் தப்பாப் போயிரும்'ங்காரு. கதவச் சாத்திருவாரு. நான் என்னன்னு சொல்ல? அளவுதான எடுத்தேம்பாரு."

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது. போன மாதம்தான் இதே பெண்ணை நிற்க வைத்துத் திட்டியிருந்தேன். சாம்பிள் அனுப்பும் நாளாகப் பார்த்து லீவு போடுகிறாள் என்று புகார் வந்தது. "என்ன அம்மிணி, சாம்பிள் ரூமுக்குப் போனதும் தலைக்கனம் வந்துருச்சா?" என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு போனாள். சாம்பிள் அனுப்பும் நாள்தான் ஃபிட் பார்க்கும் நாள், அந்த நாள் எல்லாம் அவளுக்கு லீவு நாள் என்பதை லீவு ரெஜிஸ்டர் எனக்கு எழுதியே காட்டியிருக்கிறது, நான் பார்க்கவில்லை.

"உனக்கு என்ன வேணும், சொல்லு" என்றேன்.

"என்னைய ஃபிட் பாக்கக் கூப்பிடக் கூடாது. அவ்வளவுதான் மேடம். வேலைய நான் விடமாட்டேன், முழுசாக் கத்துக்கிடணும். யார்ட்டயும் சொல்லிராதிய."

"சரி" என்றேன். தலையில் அடித்து சத்தியம்தான் பண்ணவில்லை.

3. நான் போட்ட போன்

இனி நான் செய்ததைக் கேளுங்கள். அன்றைக்குச் சாயங்காலமே என் மேஜை போனிலிருந்து அவள் ஊர்க் கடைக்குப் பேசி, அவள் அப்பாவைக் கூப்பிடச் சொல்லி, விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

ஏன் என்று கேட்டால், எங்களுக்கு அதுதான் பழக்கம். வெளியூர்ப் பெண்களைச் சேர்க்கும்போது பெற்றவர்கள் கூடவே வந்து, "உங்களை நம்பித்தான் விடுதோம் தாயி" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்வார்கள். நாங்களும் பெரிய மனுஷி தோரணையில் "நம்ம பொண்ணு மாதிரிங்க" என்போம். காய்ச்சல் வந்தாலும் ஊட்டுக்கு போன், பையன் யாராவது லெட்டர் கொடுத்தாலும் ஊட்டுக்கு போன். யாரிடமும் சொல்லாதே என்றால் பெத்தவங்ககிட்டச் சொல்லாதே என்றா அர்த்தம்? எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. நல்லது செய்கிறோம் என்ற நினைப்பிலேயே போனை வைத்தேன்.

மறுநாள் காலை எம்.டி.யிடம் போனேன். சென்னியப்ப ஐயா. காங்கேயம் பக்கம் காடு தோட்டம் எல்லாம் உள்ள குடும்பம், மரியாதைக்குக் குறைவில்லாத மனுஷர். முழுக்கக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மாஸ்டரா அப்புடி? நம்பவே முடியலீங்களே. ஷிப்மென்ட் வேற கழுத்தப் புடிக்குது. அவரு இல்லாம ஒரு சாம்பிள் வெளிய போகாதுங்க. பொண்ணூட்டுல சொல்லீட்டீங்களா?"

"சொல்லீட்டனுங்க."

"நல்லதாப் போச்சு. வந்தா மரியாதையாப் பேசி, புள்ளையப் பத்திரமா ஊருக்குத் தாட்டி உட்டுருங்க. நம்ம மேல ஒரு சொல்லு வரக்கூடாது பாருங்க."

தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். அந்தத் தலையாட்டலை இன்றைக்கு வரைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஜெபராணிக்கு அதற்குள் விஷயம் தெரிந்துவிட்டது. ஊரிலிருந்து அவள் அம்மா, பெண் தங்கியிருந்த வீட்டுக்கு போன் போட்டு அழுதிருக்கிறாள். என் ரூமுக்கு வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வா என்றேன். வரவில்லை.

"யார்ட்டயும் சொல்லாதியன்னு சொன்னேம்லா மேடம்?"

"கண்ணு, உங்கப்பா யாரோவா?"

"அப்பாட்ட சொன்னா என்ன ஆவும்னு என்னைய ஒரு வார்த்த கேட்டியளா? மாமன் வீட்ல ஏற்கெனவே கல்யாணம் பேசி வச்சிருக்காவ. நாளைக்கு அப்பா வருது. என் துணி எல்லாம் கட்டச் சொல்லியாச்சு. அந்தாளு இங்கேயே இருப்பாரு, நான் ஊர்ல போய்க் கெடக்கணும். அந்தச் செவுத்துல போட்டோ ஒட்டியிருக்கியளே, அந்தக் கமிட்டி எனக்கா, எங்கப்பாவுக்கா?"



4. தகப்பனார் கேட்டது

மறுநாள் அவர் வந்தார். ஒல்லியான மனுஷர், உப்பளத்தில் வேலை. பஸ்ஸில் விடிய விடிய உட்கார்ந்து வந்த கசங்கல் சட்டையில் தெரிந்தது. எம்.டி. எழுந்து நின்று வரவேற்றார், டீ சொன்னார். மாஸ்டரையும் கூப்பிட்டிருந்தார். நான் ஒரு பக்கம், ஜெபராணி சுவரோரம்.

மாஸ்டர்தான் முதலில் பேசினார். "பதினஞ்சு வருசமா இந்த டேப்பப் புடிச்சிருக்கனுங்க. எத்தன புள்ளைங்க நின்னிருக்கும், ஒருத்தி ஒரு குத்தம் சொன்னதில்லீங்க. புள்ள புதுசு, தப்பாப் புரிஞ்சுக்கிச்சு."

அதைக் கேட்டதும்தான் எனக்கு நினைவு வந்தது. அதே ரூமிலிருந்து முன்பு இரண்டு பெண்கள் திடீரென்று நின்றுவிட்டார்கள். கல்யாணம் என்று சொன்னார்கள், நானும் நம்பி செட்டில்மென்ட் பேப்பரில் கையெழுத்துப் போட்டேன்.

எம்.டி. தொண்டையைச் செருமிக்கொண்டார். "அய்யா, நடந்தது எதுவோ நடந்துபோச்சுங்க. வயசுப் புள்ள. இதுக்கு மேல இங்க இருந்தா அதுக்கும் மனசு சங்கடம். நீங்க கூட்டிட்டுப் போயிருங்க. எங்க வேன்லயே பஸ் ஸ்டாண்டுல எறக்கி உடச் சொல்றன்."

தகப்பனார் டீயைத் தொடவில்லை. மாஸ்டரைக் கையால் காட்டி, குரலை உயர்த்தாமல் கேட்டார்:

"சரிய்யா. எம்புள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன். இவிய வீட்டுக்கும் போன் போட்டாச்சா? இவியளக் கூட்டிட்டுப் போவ யாரு வாராவ?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ளக் கேட்டார். மாஸ்டர் கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கமிட்டித் தலைவி நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

"ஐயா" என்றேன் எம்.டி.யிடம். "அவியப்பாவக் கூப்பிட்டது என்ற தப்புங்க. புகார் கமிட்டிகிட்ட வந்துருக்குது, கமிட்டிதான் விசாரிக்கோணும். அதுவரைக்கும் மாஸ்டர் கம்பெனிக்குள்ள வரக்கூடாதுங்க. முடியாதுன்னா சொல்லிப்போடுங்க, செவுத்துல இருக்கற என்ற போட்டோவ இப்பவே கழட்டிக்கறன்."

எம்.டி. என்னைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார். கடைசியில் அந்தத் தகப்பனாரைப் பார்த்துத்தான் பேசினார். "நீங்க கேட்டது நாயமுங்க. தனபாலு, நீ ஊட்டுக்குப் போ. கூப்பிட்டா வா. ருக்குமணிம்மா, கமிட்டியக் கூட்டுங்க. நெசமாவே கூட்டுங்க."

தகப்பனார் மகள் பக்கம் திரும்பினார். "நீ என்னட்டி சொல்லுத?"

"இருக்கேம்ப்பா."

"பொறவு மனசு மாறுனா?"

"மாறாதுப்பா."

அன்று பொழுதோட அவர் தனியாகத்தான் பஸ் ஏறினார்.

5. கதவைத் தட்டியவள்

கமிட்டி உட்கார்ந்தது. முன்பு நின்றுபோன இரண்டு பெண்களையும் தேடிப் போய்க் கேட்டேன். ஒருத்தி பேசினாள், ஒருத்தி பேச மறுத்தாள், அவளை நான் வற்புறுத்தவில்லை. மாஸ்டர் வேலையை விட்டு அனுப்பப்பட்டார். சாம்பிள் ஒரு வாரம் தள்ளிப் போனது, பையர் ஒரு மெயில் அனுப்பிக் கடிந்துகொண்டார், அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. புதுப் பொம்மை வாங்கினோம். ஆளுக்குப் போட்டுப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் பெண்தான் டேப் பிடிக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும், அந்தப் பெண் சம்மதிக்க வேண்டும் என்று எழுதி ஒட்டினோம்.

பயிற்சியும் மாறியது. சார்ட் வாசிப்பதை விட்டேன். மாஸ்டர்களையும் சூப்பர்வைசர்களையும் தனியாக உட்கார வைத்து, அந்தத் தகப்பனாரின் கேள்வியை முதலில் கேட்பேன். புகார் வந்தால் யார் ஊட்டுக்கு போன் போடுவீர்கள்? எல்லோரும் பெண் ஊட்டுக்கு என்பார்கள், நல்ல எண்ணத்தோடுதான் சொல்வார்கள். அங்கிருந்து பேச்சை ஆரம்பிப்பேன். பிறகு வேறு கம்பெனிகளிலும் கூப்பிட்டார்கள். போன இடத்தில் எல்லாம் அதே பதில்தான்.

ஜெபராணி மட்டும் என்னோடு பேசவில்லை. சாம்பிள் ரூமில் புது மாஸ்டரிடம் பேட்டர்ன் வெட்டக் கற்றுக்கொண்டாள். "சாப்ட்டியா கண்ணு?" என்றால், "சாப்ட்டேன் மேடம்" என்பாள், முகத்தைப் பார்க்கமாட்டாள். பொங்கல் போயிற்று, தீபாவளியும் போயிற்று. எனக்கு வலித்தது. ஆனால் கோபித்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

அப்படி இருக்கையில் ஒருநாள் மதியம் என் ரூம் கதவைத் தட்டினாள். கூட ஒரு பெண், செக்கிங்கில் புதிதாகச் சேர்ந்தவள், அழுது முகம் வீங்கியிருந்தது. ஜெபராணி அவளைத் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்தாள். பிறகு என் மேஜை மேலிருந்த போனைத் தூக்கி, ஒயர் எட்டும் தூரத்துக்கு, என் கைக்கு எட்டாமல் ஜன்னல் ஓரமாகக் கொண்டுபோய் வைத்தாள்.

"சொல்லுட்டி" என்றாள் அந்தப் பெண்ணிடம். "மேடம் இப்போ கேப்பாவ."